டர்பனில் பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ வாங்கப் போகிறீர்களா?

வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா வந்து இரண்டு மூன்று மாதம் ஆனதும் எல்லோருக்கும் ஒன்று புரிந்துவிடும்: சொந்த வண்டி இல்லாமல் இங்கே காலம் தள்ளுவது கஷ்டம். காலையில் மினிபஸ் டாக்ஸியில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம், ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்புவது வேறு கதை. சரி, ஏதாவது சின்ன வண்டியாகப் பார்ப்போம் என்று ஆட்டோடிரேடர் விற்பனைத் தளத்தைத் திறந்தால், ஏறக்குறைய புது ஸ்விஃப்ட் விலைக்கே எட்டொன்பது வயதான பிஎம்டபிள்யூ 320ஐ ஒன்று பளபளவென்று நிற்கும். ஊரில் தூரத்தில் நின்று பார்த்த வண்டி. கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அது ஏன் அந்த விலைக்கு நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 3 சீரிஸை பிரிட்டோரியாவை ஒட்டிய ரோஸ்லின் ஆலையில் 2018 தொடக்கம் வரை இங்கேயே செய்தார்கள். பென்ஸ் சி கிளாஸ் ஈஸ்ட் லண்டன் ஆலையில் தயாராகிறது. அதனால் சந்தையில் வண்டிக்குப் பஞ்சமில்லை. இது ஒரு காரணம். பெரிய காரணம் பராமரிப்புத் திட்டம். புது பிஎம்டபிள்யூவோடு மோட்டார்பிளான் என்று ஒன்று வரும், 5 வருடம் அல்லது 100,000 கிலோமீட்டர். ஆடியின் ஃப்ரீவே பிளானும் இதே கணக்குதான். அதுவரை ஆயில், பிரேக் பேட் எல்லாம் கம்பெனி பாடு. அது முடியப்போகும் நேரத்தில் முதல் ஆள் வண்டியைத் தள்ளிவிடுகிறார். ஏழு லட்சம் ராண்ட் வண்டி இரண்டரை லட்சத்துக்கு இறங்கிவிட்டாலும், அதன் உள்ளே இருக்கும் வாட்டர் பம்ப் இன்னும் ஏழு லட்சம் ராண்ட் வண்டியின் வாட்டர் பம்ப்தான்.

அதனால்தான் இந்த வகை வண்டியில் பேப்பரை முதலில் பாருங்கள், பெயிண்டை அப்புறம் பார்க்கலாம் என்கிறேன். அதற்கும் முன்னால் உங்கள் பேப்பர் இருக்கிறது.

உங்கள் பெயரில் ஒரு நம்பர்

தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாத வெளிநாட்டவர் பெயரில் வண்டியைப் பதிய டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் வேண்டும். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. வண்டியைப் பிடித்து, விலை பேசி, முன்பணமும் கொடுத்த பிறகுதான் டீலர் கேட்பார். மோட்டார் லைசன்சிங் அலுவலகத்தில் ஏஎன்ஆர் படிவம் வாங்கி நிரப்பி, பாஸ்போர்ட், விசா, புகைப்படங்கள், முகவரிச் சான்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சிலருக்கு நாட்கணக்கில் வரும், சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். வண்டி தேட ஆரம்பிக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

முகவரிச் சான்று மூன்று மாதத்துக்குள் தேதியிட்டதாக இருக்க வேண்டும். தெரிந்தவர் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறீர்கள், மின்கட்டண ரசீது உங்கள் பெயரில் இல்லை என்றால், வீட்டுக்காரரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஒரு அஃபிடவிட் எழுதி வாங்குங்கள். காசு கிடையாது. பாஸ்போர்ட் நகலில் சீல் வைப்பதும் அங்கேயே இலவசம். நாலைந்து நகலாக வைத்துக்கொள்ளுங்கள், வங்கி, டீலர், இன்ஷூரன்ஸ் எல்லோரும் கேட்பார்கள்.

பணக் கணக்கு

வங்கிக் கடனில் வாங்குவதாக இருந்தால், பணி விசாவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் விசா முடியும் தேதிக்குள் கடனும் முடியும்படிதான் கொடுப்பார்கள். முன்பணமும் கேட்பார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, குறுகிய கடன் நமக்கு நல்லதுதான்.

கவனமாக இருக்க வேண்டியது பலூன் விஷயத்தில். கடனில் ஒரு பகுதியை அப்படியே ஒதுக்கிவைத்து, கடைசி மாதம் மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300,000 ராண்ட் கடன், 13 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 6,830 ராண்ட். 30 சதவீத பலூன் வைத்தால் தவணை சுமார் 5,750 ஆகிவிடும். மாதம் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று தோன்றும். அறுபது மாதத்தில் மிச்சமானது ஏறக்குறைய 64,400 ராண்ட், கடைசியில் கட்ட வேண்டியது 90,000. அந்த நேரத்தில் உங்கள் வண்டிக்குப் பதினான்கு வயது ஆகியிருக்கும். பழைய வண்டிக்குப் பலூன் வேண்டவே வேண்டாம். தவணை கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த வண்டியே நமக்குக் கட்டுப்படியாகாது.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலையில் போட்டுவிடாதீர்கள். விலையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை தனியாக எடுத்து வையுங்கள், முதல் வருடத்திலேயே வேலை வரும். இன்ஷூரன்ஸ் விலையையும் வண்டியை முடிவு செய்யும் முன்பே கேட்டுவிடுங்கள். ராத்திரி வண்டி எந்தப் பகுதியில், பூட்டிய கராஜிலா தெருவிலா நிற்கிறது என்பதை வைத்துப் பிரீமியம் மாறும். இந்த நாட்டில் நீங்கள் லைசன்ஸ் எடுத்து எத்தனை வருடம் என்பதையும் கேட்பார்கள். டிராக்கர் பொருத்தச் சொல்வது சகஜம். மாதத் தவணையில் கால்வாசிக்கு மேல் இன்ஷூரன்ஸுக்கே போகிறது என்று தெரிந்து பின்வாங்கியவர்கள் உண்டு.

எந்த வண்டி?

3 சீரிஸில் எஃப்30 மாடல்தான் அதிகம் கிடைக்கும். 2012 முதல் வந்தவை. 2015 கடைசியில் முகப்பு மாற்றி வந்த வண்டிகளில் 320ஐ-க்கு பி48 என்ற எஞ்சின் போட்டார்கள். அதற்கு முந்தையவற்றில் என்20 எஞ்சின். அதில் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டைகள் தேய்ந்து உடைவது ஊரறிந்த குறை. செயின் போனால் எஞ்சினே போச்சு. ஆகவே முடிந்தவரை 2016-ம் அதற்குப் பிறகும். இதே மாற்றத்துக்குப் பிறகு வந்த 318ஐ-யில் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் இருக்கும். நகரத்துக்குப் போதும், பிஎம்டபிள்யூ என்று நினைத்து வாங்கியவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

320டி டீசல் பார்க்க ஆசையாக இருக்கும். மாதம் இருமுறை ஜோகன்னஸ்பர்க் போய்வருபவராக இருந்தால் சரி. சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்ஷ்லாங்காவுக்கு நெரிசலில் ஊர்ந்து போய்வர டீசல் வேண்டாம். புகைவடிகட்டி சூடாகித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும், அது கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். 2015-க்கு முந்தைய 320டி-யில் இருக்கும் என்47 எஞ்சினின் டைமிங் செயின் வேறு பின்பக்கம் இருக்கிறது. அதை மாற்ற எஞ்சினை, இல்லையென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

சி கிளாஸில் 2014 முதல் வந்த டபிள்யூ205 பாருங்கள். சி180 நல்ல தேர்வு. கேம்ஷாஃப்ட் மேக்னட் வழியாக ஆயில் கசிந்து வயரிங்குக்குள் ஏறுகிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியைத் தொடாதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். முந்தைய டபிள்யூ204-இல் எம்271 எஞ்சினின் செயினும் கேம் பல்சக்கரமும் தேய்வது பழைய கதை.

ஆடி ஏ4-இல் 2016-க்கு முந்தைய பி8 மாடலின் டிஎஃப்எஸ்ஐ எஞ்சின்கள் ஆயில் குடிப்பதில் பேர்போனவை. அடுத்து வந்த பி9-க்குப் பணம் இருந்தால் பாருங்கள். லெக்சஸ் ஐஎஸ் கிடைத்தால், ஸ்டைல் பிடித்திருந்தால், யோசிக்காமல் வாங்கலாம். கிடைப்பதுதான் அரிது.

என்னைக் கேட்டால் 2016 அல்லது 2017 320ஐ, ஆட்டோமேட்டிக், பெட்ரோல், முழு சர்வீஸ் வரலாற்றோடு.

எங்கே தேடுவது?

பெரிய டீலர், சின்ன டீலர், தனி ஆள், ஏலம். ஏலத்துக்குப் புதியவர்கள் போக வேண்டாம். தனி ஆளிடம் விலை குறையும், சட்டப் பாதுகாப்பும் குறையும். அவர் வூட்ஸ்டூட்ஸ் என்று எழுதிக் கொடுத்தால் 'இருக்கிறபடி எடுத்துக்கொள்' என்று பொருள், மறைத்த குறையை அவர் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிப்பது உங்கள் தலைவலி.

டீலரிடம் இது செல்லாது. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் வண்டியில் குறை தெரிந்தால் பழுதுபார்க்கவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். மூன்றில் எது என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். பழுதுபார்த்து மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு திரும்பினால் மாற்றித் தரவோ பணம் தரவோ வேண்டியதுதான். மறுத்தால் மோட்டார் துறைக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஆனால் ஒரு ஓட்டை உண்டு. 'இந்த வண்டியில் இன்னின்ன குறை இருக்கிறது, தெரிந்தே வாங்குகிறேன்' என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் குறைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கட்டாகக் கொடுக்கும் காகிதங்களுக்கு நடுவே அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா என்று தேடுங்கள். கடையில் நேராகப் போய் வாங்கிய வண்டியை மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. 'ஆஃபர் டு பர்ச்சேஸ்' காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

டர்பனில் இன்னொரு ஆபத்து உண்டு. ஜப்பானிலிருந்து பழைய வண்டிகள் நம் துறைமுகம் வழியாக அண்டை நாடுகளுக்குப் போகின்றன. அவற்றைச் சிலர் இங்கேயே விற்கப் பார்ப்பார்கள். பழைய வண்டிகளை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும், சொற்பப் பேருக்குத்தான் அது கிடைக்கும். அனுமதி இல்லாத வண்டி உங்கள் பெயரில் பதிவாகாது, போலீஸ் பிடித்தால் போனதுதான். அண்டை நாட்டு நம்பர் பிளேட்டில் பாதி விலைக்கு ஒரு லெக்சஸ் கண்ணில் பட்டால் பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

வண்டியின் பேப்பர்

பதிவுச் சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் படியுங்கள். இரண்டு பெயர் இருக்கும்: டைட்டில்ஹோல்டர் ஒருவர், ஓனர் ஒருவர். ஓனர் என்பவர் வண்டியை வைத்து ஓட்டுபவர். டைட்டில்ஹோல்டர்தான் சட்டப்படி வண்டிக்கு உரியவர். அந்த இடத்தில் ஒரு வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை. விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கையில் பணத்தைக் கொடுக்காதீர்கள். வங்கியிடமிருந்து பாக்கித்தொகைக் கடிதம் வாங்கச் சொல்லி, அந்தத் தொகையை நேராக வங்கிக் கணக்கில் கட்டி, மிச்சத்தை மட்டும் அவருக்குக் கொடுங்கள். 'ஒரிஜினல் வீட்டில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன்' என்பவரிடம் வண்டியும் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

அதே தாளில் வண்டியின் நிலை எழுதியிருக்கும். கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் ஒருமுறை இன்ஷூரன்ஸ் கைகழுவிய வண்டியை மறுபடி கட்டியிருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தயங்கும், வங்கிகள் பெரும்பாலும் கடன் தராது. சிக்கல் என்னவென்றால், மோசமாக அடிபட்ட சில வண்டிகள் கோட் மாறாமலே சந்தைக்கு வந்துவிடுகின்றன. தென்னாப்பிரிக்கக் காப்பீட்டுச் சங்கத்தின் வின்-லுக்கப் பக்கத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள், காசு இல்லை.

சர்வீஸ் வரலாறு. இங்கே கம்பெனி டீலர்களை 'ஏஜென்ட்ஸ்' என்பார்கள். சேசிஸ் நம்பரோடு ஏஜென்ட்ஸிடம் போய் எத்தனை சர்வீஸ், எந்தக் கிலோமீட்டரில், மோட்டார்பிளான் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தத் திட்டம் வண்டியோடு போகும், உங்களுக்கும் செல்லும். சர்வீஸ் பிளானும் மெயின்டனன்ஸ் பிளானும் ஒன்றில்லை. முதலாவதில் ஆயில், ஃபில்டர் போன்ற வழக்கமான சர்வீஸ் மட்டும். இரண்டாவதில்தான் தேய்மானச் சாமான்களும் அடங்கும், டயர் தவிர. 98,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியை மெயின்டனன்ஸ் பிளானோடு விற்பதாகச் சொன்னால் எத்தனை நாளுக்கு என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பிஎம்டபிள்யூவைக் கரைத்துக் குடித்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். 1860-இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசுகள். நாயுடு, பிள்ளை, கவுண்டர் என்று பெயர் இருக்கும், பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். நீங்கள் 'அங்கிள்' என்று கூப்பிட்டாலே போதும், பானட்டைத் திறந்துவிடுவார். அவர் முதலில் பார்ப்பது சர்வீஸ் முத்திரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை. 30,000 கிலோமீட்டர் ஆயில் மாற்றாத வண்டி என்றால் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். ஓட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

நேரில் பார்ப்பது

தனி ஆளைச் சந்திப்பதாக இருந்தால் பகலில், மால் பார்க்கிங்கிலோ போலீஸ் ஸ்டேஷன் வாசலிலோ. கூட ஒருவரைக் கூட்டிப்போங்கள். ரொக்கம் வேண்டாம்.

'வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க' என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது முதல் பத்து விநாடி நிறையச் சொல்லும். செயின் தேய்ந்திருந்தால் முன்பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்து, ஆயில் ஏறியதும் அடங்கும். என்20-இல் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிக்க மிதிக்க ஊளையிடுவது போல ஒரு சத்தம் ஏறி இறங்கினால் அத்தோடு விட்டுவிடுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், தார் போலக் கறுத்துப் படிந்திருக்கக் கூடாது.

கடலோர வண்டிகளில் துரு. ப்ளஃப், அமான்சிம்டோட்டி, உம்ஷ்லாங்கா பக்கம் வெளியிலேயே நின்ற வண்டி என்றால் அடியில் படுத்துப் பாருங்கள். சஸ்பென்ஷன் போல்ட்டுகள், கதவு கீல்கள், பிரேக் குழாய்கள். அப்புறம் வெள்ளம். 2022 ஏப்ரலில் டர்பன் மூழ்கியது நினைவிருக்கும். ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையில் நாசமான ஆயிரக்கணக்கான புது வண்டிகளை அந்தக் கம்பெனியே நொறுக்கிவிட்டது. தெருவில் மூழ்கிய எல்லா வண்டிக்கும் அந்தக் கதி வரவில்லை. பின்பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி உலோகத்தைத் தொட்டுப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மண்கறை தெரிகிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட் துருப்பிடித்திருந்தால் அது வெள்ளம் பார்த்த வண்டி.

ஓட்டிப் பார்க்க எம்13 சாலையில் பைன்டவுனிலிருந்து க்ளூஃப் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில்லை விடச் சிறந்த இடம் இல்லை. ஏற்றத்தில் டர்போ தயங்கினாலும், கியர் மாறும்போது முதுகில் தட்டினாலும், வெப்பமுள் ஏறினாலும் அங்கே தெரிந்துவிடும். இறங்கும்போது பிரேக் நடுங்குகிறதா பாருங்கள். டயரையும் பாருங்கள். பிஎம்டபிள்யூவில் பெரும்பாலும் ரன்ஃப்ளாட், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர், ஸ்டெப்னி கிடையாது. நாலும் தேய்ந்திருந்தால் அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ரோட்வர்த்தி சான்றிதழ் இருக்கிறது என்று விற்பவர் நீட்டுவார். அது பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங் பார்க்கிற சோதனை. எஞ்சின் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று அது சொல்லாது. டெக்ரா போன்ற வண்டிச் சோதனை மையத்திலோ உங்கள் மெக்கானிக்கிடமோ தனியாகச் சோதனை செய்துகொள்ளுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் அதுவே பதில்.

பேரம், பணம், பதிவு

டீலர் சொன்ன விலைக்கு மேல் 'ஆன்-தி-ரோடு' கட்டணம் என்று சில ஆயிரம் ராண்ட் சேர்ப்பார். பதிவு, பிளேட் போக மிச்சத்துக்கு விவரம் கேளுங்கள், குறையும். தனியார் வாரன்டி ஒன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் உச்சவரம்பு எவ்வளவு என்று படித்துவிட்டு முடிவெடுங்கள். கியர்பாக்ஸ் பழுதின் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தராத வாரன்டிகள் இருக்கின்றன.

இன்ஷூரன்ஸ் எந்த நிமிடம் தொடங்குகிறது என்று எழுத்தில் வாங்கிய பிறகே சாவியை வாங்குங்கள். கடனில் வாங்கினால் வங்கியே முழு இன்ஷூரன்ஸ் கேட்கும். கடன் இல்லாமல் வாங்கியவர்கள்தான் 'நாளைக்குப் போட்டுக்கலாம்' என்று நேராக மவுண்ட் எட்ஜ்கம்ப் கோயிலுக்கு எலுமிச்சம்பழத்தோடு கிளம்புவார்கள். பூஜை ஒரு நாள் தள்ளிப்போனால் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். சாலை விபத்து நிதி ஆளுக்கு அடிபட்டால்தான், வண்டிச் சேதத்துக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது.

தனி ஆளிடம் வாங்கினால் பணம் உண்மையாகவே அவர் கணக்கில் ஏறும்வரை இருவரும் வங்கிக் கிளையிலேயே உட்கார்ந்திருப்பது நல்லது. அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. விற்றவர் என்சிஓ படிவத்தில் உரிமை மாறியதைத் தெரிவிக்க வேண்டும், அதன் நகலில் அவர் கையெழுத்தோடு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். 21 நாளுக்குள் நீங்கள் ஆர்எல்வி படிவம், பதிவுச் சான்றிதழ், 60 நாளுக்குட்பட்ட ரோட்வர்த்தி, பாஸ்போர்ட், டிராஃபிக் ரெஜிஸ்டர் சான்று, முகவரிச் சான்று எல்லாவற்றோடும் லைசன்சிங் அலுவலகத்தில் நிற்க வேண்டும். தாமதித்தால் அபராதம். வண்டியின் பழைய லைசன்ஸ் கட்டண பாக்கி இருக்கிறதா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். காலை ஏழரைக்கே போய் வரிசையில் நில்லுங்கள், கறுப்பு மையில் நிரப்புங்கள், பேனா கொண்டுபோங்கள்.

வண்டியின் புது லைசன்ஸ் டிஸ்க்கைக் கண்ணாடியில் ஒட்டிய வாரத்திலேயே ஒரு முழு சர்வீஸ் செய்துவிடுங்கள். ஆயில், எல்லா ஃபில்டர், பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட். பிஎம்டபிள்யூவின் எட்டு கியர் பெட்டிக்கு ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்பார்கள். அதைச் செய்த இசட்எஃப் கம்பெனியே 80,000-லிருந்து 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது, மாற்றுங்கள். 2021 ஜூலை முதல் அமலில் இருக்கும் வழிகாட்டு நெறிகளின்படி, வாரன்டி இருக்கும் வண்டியைக்கூட வெளி கராஜில் சர்வீஸ் செய்யலாம். உங்கள் வண்டிக்கு வாரன்டி முடிந்திருந்தால் இன்னும் சுலபம். ஏஜென்ட்ஸ் விலையில் கணிசமாகக் குறைத்து அங்கிள் செய்துகொடுப்பார். பில்லை மட்டும் கேட்டு வாங்கிக் கோப்பில் போட்டு வையுங்கள், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருபவரும் முதலில் அதைத்தான் கேட்பார்.